முதல் பாத்தி எந்தப் பக்கம்?

உக்குவளை
1968 பெப்ரவரி, திங்கட்கிழமை

அன்பு மகன் நுஹ்மானுக்கு வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

முதலில் இந்த எழுத்துக்காக மன்னித்துக்கொள். சில எழுத்து பலாக்காய் அளவு, சில எழுத்து மிளகு அளவு. வரி மேலே ஏறப் பார்க்கும், பிறகு களைத்துக் கீழே இறங்கும். உன் உம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இது கடுதாசியா, காயப்போட்ட மிளகா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். கேட்கட்டும். உம்மா நோனாவுக்கு வாசிக்கத் தெரியாது, எனக்குத் தெரியும். நீயும் ஸக்கியாவும் வெளியே போய்விட்டால் இந்த வீட்டில் படித்த ஆள் நான்தான்.

ஆமாம் மகன், இது வாப்பாவின் சொந்தக் கை. நீ திருகோணமலைக் கடைக்கு வேலைக்குப் போன நாளிலிருந்து உனக்கு வந்த கடிதமெல்லாம் நான் வாயால் சொல்ல உன் பெண்சாதி ஸக்கியா எழுதியவை. உன் கடிதங்களையும் அவள்தான் எனக்கு வாசித்துக் காட்டினாள். இந்த முறை நான் சொல்ல வந்தது அவளைப் பற்றி. அதை அவள் கையாலேயே எழுதச் சொல்ல என்னால் ஆகுமா? அதனால் அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். பிழை பார்த்துத் தர ஆளில்லை. பிழை இருந்தால் அதோடு சேர்த்து வாசி.

வீட்டில் எல்லோரும் சுகம். உம்மாவின் முழங்கால் குளிருக்குக் கொஞ்சம் பேசுகிறது, வாயைவிடக் குறைவாகத்தான். கூரையில் ஒழுகிய இடத்தை அடைத்துவிட்டேன். எழுதப் படிக்க வந்த பிறகு எனக்கு ஊர் புது ஊராக இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது ஒரு பலகையையும் விடுவதில்லை. வாய்விட்டு வாசிப்பதால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போகிறார்கள். ஸ்டேஷன் சுவரில் "இங்கே துப்பாதீர்கள்" என்று எழுதியிருக்கிறது மகன். இத்தனை வருஷமாக அந்த எழுத்துக்கு நேரே நின்றுதான் வெற்றிலை துப்பியிருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் களம் காக்கிற பலாபத்வல மிளகு ஸ்டோரில் ஸக்கியா தரம் பிரிக்கும் பகுதியைப் பார்க்கிறாள் என்பது உனக்குத் தெரியும். போன வருஷம் அங்கே என்ன நடந்தது என்று நாங்கள் உனக்கு எழுதவில்லை. எழுத வேண்டாம், அவர் கவலைப்படுவார் என்று சொன்னவள் அவள்தான். இப்போது நான் சொல்கிறேன்.

போன மிளகுக் காலத்தில் கொழும்பில் வாங்குகிறவர்கள் நம் ஸ்டோர் மூடைகளைத் திருப்பி அனுப்பினார்கள். உள்ளே பூஞ்சணம். முதலாளி கொழும்பிலிருந்து ஜெயரட்ணம் என்ற யாழ்ப்பாணத்து ஐயா ஒருவரைக் கூட்டி வந்தார். வேலை நடக்கிற முறையைப் பார்த்து, எங்கே தட்டுகிறது என்று கண்டு திருத்துவது அவருடைய தொழில். அப்படி ஒரு தொழில் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மாப்பிள்ளை மாதிரி உடுத்தியிருந்தார், ஆனாலும் களத்தில் குந்தியிருந்து மிளகைக் கடித்துப் பார்த்தார்.

அவர் சொன்ன வழி நல்ல வழி. சீமெந்துக் களத்தை நாலு பாத்தியாகப் பிரிக்க வேண்டும். சுடுநீரில் முக்கின மிளகை முதல் பாத்தியில் கொட்ட வேண்டும். மறுநாள் அதை அடுத்த பாத்திக்குத் தள்ள வேண்டும். இப்படிக் கடைசிப் பாத்திக்கு வந்து காய்ந்ததை மட்டும் மூடை கட்ட வேண்டும். ஸக்கியா சுவரில் பாத்திகளுக்கு நேரே அ, ஆ, இ, ஈ என்று அழகாகப் பெயின்ட் பூசி எழுதினாள். எல்லாரும் தலையை ஆட்டினோம்.

அடுத்த மூடைகளும் திரும்பி வந்தன. முதலில் வந்ததைவிடப் பூஞ்சணம் அதிகம்!

முதலாளி களத்தில் வந்து நின்று கத்தியதை நீ கேட்டிருக்க வேண்டும். "யாரு செஞ்சது? பேரச் சொல்லுங்க, இன்னைக்கே வீட்டுக்கு அனுப்புறேன்" என்றார். களத்தில் ஒரு நாள் நம் பக்கத்துப் பெண்கள், றம்லாவின் கூட்டம். மறுநாள் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து வரும் வேலம்மாவின் கூட்டம். களத்தில் இல்லாத நாளில் அந்தக் கூட்டம் உள்ளே தரம் பிரிக்கும். இவர்கள் அவர்களைப் பார்க்க, அவர்கள் இவர்களைப் பார்த்தார்கள். வேலம்மா, "ஐயா, சொன்னபடிதாங்க செஞ்சோம்" என்றாள். றம்லாவும், "நாங்களும் சொன்னபடிதான் செஞ்சோம்" என்றாள். அது முதலாளிக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

ஸக்கியா யார் செய்தது என்று கேட்கவில்லை. அதை நன்றாகக் கவனி மகன், அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. மறுநாள் காலையிலேயே களத்துக்கு வந்து, "என்னைக் கவனிக்காதீங்க ராத்தா, நீங்க எப்பவும் செய்யிற மாதிரி செய்யுங்க" என்று றம்லாவிடம் சொல்லிவிட்டு ஓரமாக நின்றாள். றம்லா ஈரக் கூடையைத் தூக்கிக்கொண்டு நேரே போய் "ஈ" பாத்தியில் கொட்டினாள். ஸக்கியா மெதுவாக, "ஏன் ராத்தா அங்க?" என்று கேட்டாள். றம்லா அவளை ஒரு மாதிரிப் பார்த்து, "என்ன புள்ள கேக்குற? முதல் பாத்தி வலப்பக்கந்தானே. நீ ஓதினதில்லையா?" என்றாள்.

உனக்கு விளங்குகிறதா? றம்லாவும் அவள் கூட்டமும், ஏன், நானும், ஓதுற பள்ளியில் லெப்பையிடம் அரபு எழுத்து மட்டும் படித்தவர்கள். எங்களுக்கு எழுத்து என்றால் வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் போவது. சுவரில் இருந்தது என்ன எழுத்து என்று தெரியாது, ஆனால் எழுத்து எந்தப் பக்கம் தொடங்கும் என்று தெரியும்! வேலம்மாவுக்கு "அ" ஒன்று மட்டும் தெரியும். அவள் கூட்டம் இடப்பக்கம் தொடங்கியது. இவர்களுக்கு முதல் பாத்தி அவர்களுக்குக் கடைசிப் பாத்தி. சுடுநீரில் முக்கின மிளகு ஒரு வெயிலிலேயே கறுத்துவிடும். மேலே பார்த்தால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அவர்கள் கொட்டினதை அள்ளி இவர்கள் மூடை கட்ட, இவர்கள் கொட்டினதை அள்ளி அவர்கள் மூடை கட்ட, கொழும்புக்குப் போனது அதுதான்.

ஸக்கியா சிரித்த சிரிப்பில் களத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். றம்லாவும் சிரித்தாள், வேலம்மாவைக் கூப்பிட்டுச் சொல்ல அவளும் சிரித்தாள். பிறகு ஸக்கியா எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நேரே முதலாளியின் கந்தோருக்குப் போனாள். நானும் பின்னால் போய் வாசலில் நின்றேன். முதலாளியிடம் சொன்னாள்: "ஆளுங்க மேல பிழை இல்லீங்க. சுவத்து எழுத்து மேலதான் பிழை. அதை எழுதினது நான். படிக்கப் போறவங்க யாருன்னு கேக்காம எழுதிட்டேன்." ஜெயரட்ணம் ஐயாவும் அங்கே இருந்தார். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "எழுதச் சொன்னது நான். அப்ப அதில அரைவாசி என்ர பிழை" என்றார். நல்ல மனிதர்.

கை வலிக்கிறது. மிச்சம் நாளைக்கு.

புதன்கிழமை

நேற்று எழுத முடியவில்லை. ஸக்கியா வீட்டில் இருந்தாள். நான் கடுதாசியைத் தொழுகைப் பாய்க்குக் கீழே வைத்தேன். உன் உம்மா அதைக் கண்டுகொண்டு, "இந்த வயசில யாருக்கு மனுசன் ஒளிச்சு ஒளிச்சுக் கடுதாசி?" என்று கேட்கிறாள்.

பாத்தி விஷயத்தை முடித்துவிடுகிறேன். ஸக்கியா சுவரில் இருந்த எழுத்தை அழித்தாள். புதிதாக எதையும் எழுதவில்லை. இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக உட்கார வைத்து, எப்படிச் செய்தால் ஒருவருக்கும் பிழைக்காது என்று கேட்டாள். எங்களிடம் யோசனை கேட்டு யாருக்குப் பழக்கம்? பிறகு வேலம்மா சொன்னாள்: "கெடாரம் நடுவுலதானே இருக்கு. அத அந்த ஓரத்துக்கு இழுத்துட்டா, ஈரக் கூடையத் தூக்கிட்டு யாரும்மா தூரம் போவா? கிட்ட இருக்கிற பாத்தியிலதான் கொட்டுவாங்க." அவ்வளவுதான். சுடுநீர்க் கிடாரம் ஒரு ஓரத்துக்குப் போனது, மூடை கட்டும் கொட்டகை மற்ற ஓரத்துக்குப் போனது. கண்ணைக் கட்டிவிட்டாலும் இனிப் பிழைக்காது. முதலாளி வந்து பார்த்து, நல்ல யோசனை, கெட்டிக்காரி என்று ஸக்கியாவைச் சொன்னபோது அவள், "யோசனை வேலம்மா அக்காவோடது" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். வேலம்மா அன்றைக்கு முழுக்க, "நம்ம ஏதாச்சும் சொன்னா வாயாடின்னுவாங்க. இந்தப் புள்ள பேரச் சொல்லிச் சொல்லிச்சே" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. மழை வந்ததும் பழைய புத்தி வந்துவிடும். நனையாமல் இருக்க அவசரமாக எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் குவித்துவிடுவார்கள். ஸக்கியா ஒவ்வொரு மழைக்கும் அங்கே நின்றாள். சத்தம் போட்டதில்லை. தார்ப்பாயின் ஒரு மூலையை அவளும் பிடிப்பாள். இந்த வருஷம் அவள் இல்லாத நாளிலும் ஆட்கள் குவிப்பதில்லை. அதைத்தான் பெரிய காரியம் என்று ஜெயரட்ணம் ஐயா சொல்கிறார். ஆள் நிற்கும்போது நடக்கிற ஒழுங்கை எந்தக் கங்காணியும் செய்விப்பானாம், ஆள் போன பிறகும் நடக்கிற ஒழுங்குதான் திருத்தமாம்.

அந்த எழுத்தை அழித்தபோது றம்லா கேட்டாள், அழிச்சது அழிச்சதுதான், அதை எங்களுக்குப் படிப்பிச்சாவது தா புள்ள என்று. அப்படித்தான் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு களத்து ஓரத்தில் படிப்புத் தொடங்கியது. நான் வெற்றிலை போடப் போனவன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "மாமா, நீங்களுமா?" என்று ஸக்கியா கேட்டாள். ஏன், எனக்குப் பாத்தி இல்லையா என்று கேட்டேன். முதல் இரண்டு மாதம் என் பேனாவும் வலப்பக்கமிருந்துதான் தொடங்கப் பார்த்தது.

இப்போதுதான் முக்கியமான இடம். முதலாளிக்கு இப்போது மூன்று ஸ்டோர். பலாபத்வல, உக்குவளை, புதிதாகத் தம்புள்ளைப் பக்கம் ஒன்று. மூன்றுக்கும் சேர்த்து ஒரு ஆள் வேண்டுமாம். பதவியின் பெயர் வேலைமுறைச் சீராக்கப் பொறுப்பாளர். இந்தப் பெயரை எழுத எனக்கு ஒரு வெற்றிலை போடும் நேரம் பிடித்தது. ஒவ்வொரு ஸ்டோராகப் போய், வேலை எங்கே தேங்குகிறது, எங்கே வீணாகிறது என்று பார்த்து, ஆட்களோடு பேசித் திருத்த வேண்டும். முதலாளி கொழும்பில் படித்த, இங்கிலீஷ் பேசுகிற ஒரு ஆம்பிளையை எடுக்கத்தான் நினைத்தார். ஜெயரட்ணம் ஐயா களத்தில் வைத்து, எங்கள் எல்லாருக்கும் கேட்க, இப்படிச் சொன்னார். அவர் பேச்சை அப்படியே எழுதுகிறேன்:

"படிப்புத் தேவையில்லை எண்டு நான் சொல்ல மாட்டன் முதலாளி. நான் படிச்சுத்தான் இந்த வேலைக்கு வந்தனான். கணக்குத் தெரியவேணும். ஒரு வேலையைத் துண்டு துண்டாப் பிரிச்சுப் பார்க்கத் தெரியவேணும். இந்தப் பிள்ளைக்கு அதில பாதி தெரியும், மிச்சத்தைக் கொழும்பில ஆறு கிழமையில நாங்கள் சொல்லிக் குடுப்பம். ஆனா, பிழை விட்ட சனம் பயப்பிடாமல் வந்து உண்மை சொல்லுற முகம் ஒண்டு வேணும். அதே வாய் உங்களிட்டயும் உண்மை சொல்லவேணும். அதை நான் எந்த வகுப்பில வைச்சுச் சொல்லிக் குடுக்கிறது?"

முதலாளி, "அப்ப இனி எனக்குத்தான் திட்டு விழும்போல" என்று சொல்லிச் சிரித்தார். வேலை அவளுக்குத்தான் என்று ஆகிவிட்டது. புருஷனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். இந்த மாதம் முடிவதற்குள் சொல்ல வேண்டும்.

அவள் உனக்கு எழுதியிருப்பாள். அதற்கு உன் பதில் கடிதமாக வரவில்லை, மஹ்ரூப் மச்சானின் வாயில் வந்தது. போன வெள்ளிக்கிழமை, திருகோணமலையிலிருந்து ஓட்டி வருகிற கருவாட்டு லொறியை வாசலில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னான்: "நுஹ்மான் வேலையை நிப்பாட்டச் சொன்னான் மாமா. பெண்சாதி ஊர் ஊராப் போய் ஆம்பிளைகளுக்கு வேலை காட்டுறது அழகில்லையாம்." அவள் அப்போது அவனுக்குத் தேநீர் கொண்டு வந்துகொண்டிருந்தாள். கோப்பையை வைத்தாள். சீனி போதுமா மச்சான் என்று கேட்டாள். அவ்வளவுதான் பேசினாள்.

திங்கட்கிழமை வழக்கம்போல் எங்களுக்குப் படிப்பித்தாள். பலகையில் ஒரே சொல்லை இரண்டு தரம் எழுதினாள், அது அவளுக்குத் தெரியவில்லை. றம்லா சொல்லப் போனாள். வேலம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

இன்றைக்கு முடித்துவிட வேண்டும். தபால் கந்தோர் பூட்டுவதற்கு முன் நானே போய்ப் போடப் போகிறேன்.

மகன், உனக்கு உத்தரவு போட நான் எழுதவில்லை. அவள் உன் பெண்சாதி. ஆனால் மஹ்ரூபின் வாயில் வந்தது உன் முழு மனதா என்று எனக்குச் சந்தேகம். லொறியில் வருகிற சொல் வழியில் கொஞ்சம் சிந்தும்.

ஊர் என்ன சொல்லும் என்றால், நான் சொல்கிறேன் கேள். இன்றைக்குப் பள்ளியில் ஹாஜியார் ஒருவர், மருமகளை ஊர் சுற்ற விடப் போகிறீர்களாமே என்று கேட்டார். ஆமாம், உங்கள் ஏலக்காய் ஸ்டோரிலும் சரக்குக் கெட்டுப்போகிறதாமே, வேண்டுமென்றால் அவளை ஒரு நடை அனுப்புகிறேன் என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்க, அவரும் சிரித்துவிட்டார். ஊரின் வாய் அவ்வளவுதான்.

தனியாகப் போவாள் என்றால், உக்குவளை ஸ்டோர் வீட்டுக்குப் பின்னால். பலாபத்வலவில் நான் இருக்கிறேன். தம்புள்ளைக்குப் போகும் நாளில் றம்லா கூடப் போவாள், அவளே கேட்டாள். கொழும்பில் படிக்கிற அந்த ஆறு வாரமும் உன் பெரியம்மா வீடு இருக்கிறது. இன்னொன்றும் யோசித்துப் பார். தம்புள்ளையிலிருந்து உனக்கு நேரே பஸ். அவள் அங்கே வருகிற நாளில் நீயும் வந்துவிட்டுப் போகலாம். இப்போது நோன்புப் பெருநாளுக்குக்கூட நீ வரவில்லை. கடையில் லீவு இல்லை என்று எழுதினாய். நான் நம்பினேன்.

உன் உம்மா நேற்று என்னிடம் ஒன்று சொன்னாள். "அவ பெரிய ஆளாப் போயிட்டா, தான் சின்ன ஆளாப் போயிடுவேன்னு அவனுக்குப் பயம்" என்றாள். மனுசனே, இதை மட்டும் எழுதிராதீங்க என்றும் சொன்னாள். நான் எழுதிவிட்டேன். எழுதியதை அடிக்க எனக்கு இன்னும் பழக்கமில்லை.

அப்படிப் பயம் இருந்தால் ஒரு வயதான மனிதன் சொல்வதைக் கேள். நான் அவளுடைய மாமனார், களத்துக் காவல்காரன். அவள் முன்னால் உட்கார்ந்து அவளிடம் "அ" எழுதிப் படித்தேன். அதனால் நான் ஓர் அங்குலமும் குறையவில்லை. அவள் இன்றைக்கும் நான் வந்தால் எழுந்து நிற்கிறாள். இன்றைக்கும் உன் பேச்சு வந்தால் "அவங்க" என்றுதான் சொல்கிறாள். அவளிடம் ஒரு குணம் இருக்கிறது. பிழை எங்கே என்று தேடுவாள், பிழைக்காரன் யார் என்று தேடமாட்டாள். அப்படிப்பட்ட ஆளுக்கு முன்னால் யாரும் சிறிதாகிப்போவதில்லை. றம்லாவைக் கேட்டுப் பார், வேலம்மாவைக் கேட்டுப் பார்.

நீ வேண்டாம் என்று சொன்னால் அவள் விட்டுவிடுவாள். அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். விட்டுவிட்டு, உனக்குத் தேநீர் ஊற்றி, சீனி போதுமா என்று கேட்பாள். அந்தக் கேள்வியை நான் போன வெள்ளிக்கிழமை என் காதால் கேட்டேன். நீ அதைக் கேட்கக் கூடாது மகன்.

அதனால் யோசித்து எழுது. எனக்கு எழுத வேண்டாம், நான் எழுத்துக் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் மாதம் முடிந்துவிடும். அவளுக்கு எழுது. மஹ்ரூபிடம் சொல்லியனுப்பாதே, உன் கையால் எழுது. சம்மதமென்றாலும் சரி, மனதில் இருக்கிற வேறு எதுவென்றாலும் சரி, அவளுக்கே எழுது.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் விசாலமான நெஞ்சையும் தருவானாக. உம்மா துஆச் செய்கிறாள், பனியில் தலையை மூடிக்கொள்ளச் சொல்கிறாள்.

வரும் வெள்ளிக்கிழமையும் உனக்கு எழுதுவேன். நீ அவளுக்கு ஓம், சம்மதம் என்று எழுதியிருந்தால் அந்தக் கடிதம் சின்னதாக இருக்கும். இல்லையென்றால் இதைவிட நீளம்.

உன் வாப்பா,
அப்துல் ஸமத்